உடைக்குள் மறைந்த விறைப்பு

துணியை விறைப்பாக நிறுத்துதற்கு நம் நாட்டில் நெய்வோரும் வெளுப்போரும் கஞ்சியையே கொண்டனர். தோலைக் காய்ச்சிய வச்சிரம் தச்சர் கையாளும் பொருள். மேனாட்டாரோ காகிதத்தையும் பசையையும் நாடினர். 1623-ஆம் வருஷம் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பு விசிறிமடிப்புக் கழுத்துப்பட்டியை விலக்கவே, அட்டைமேல் துணி போர்த்த ‘கோலில்லா’ வழக்கிற்கு வந்தது. 

இங்கோ உள்ளிருப்பது யாதென்பதே பெருவினாவாயிற்று. நம் தொப்பூரைச் சூழ்ந்த பாராமகாலும் சேலமும் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறின. 14 ஆண்டுகள் கழியுமுன்னரே சென்னைச் சேனையின் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை விதிக்கப்பட்டது. பார்வைக்கு அது பரங்கியர் தொப்பியை ஒத்தது. அதன் முகப்பணியோ தோலாலாயது. நெற்றிக்குறியும் தாடியும் கூடாவென்னும் ஆணையும் உடன் சேர்ந்தது. அட்டையும் கஞ்சியுமாயிருப்பின் ஒருவேளை பொறுத்திருப்பரோ? தொப்பிச் சாயலே போதும் சினமூட்ட என்பாரை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தலைமேல் தோலைத் தாங்குவதை அவர் எங்ஙனம் சகிப்பர்! 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்றே கலகம் அடக்கப்பட்டது. உயிர்கள் பல மாய்ந்தன. அதன் பின்னரே அத்தலைப்பாகை கைவிடப்பட்டது.