மண்ணுக்குள் ஓர் இரும்பு வேட்டை

கரியாஹாட்டின் மாடி முகப்புகளில் நம்மவர் மண்தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வளர்ப்பதுண்டு. சில வேளைகளில் தளிரிலையின் நரம்புகள் மட்டும் பசுமையாயிருக்க, இடைப்பகுதி வெளுத்துவிடும். பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே இதற்குக் காரணம். ஆனால் தொட்டி மண்ணிலோ இரும்புக்குப் பஞ்சமில்லை. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதே இரும்புதான். களஞ்சியம் நிறைந்த வீட்டில் பட்டினி ஏன்?

காற்றுப்பட்ட இரும்பு துருவாகிறது. துரு நீரில் கரைவது மிக அரிது. மண்வாழ் பாக்டீரியாக்களுக்கும் இதே இடர்தான். அவை கண்ட உபாயம் மனிதனுக்குப் புலப்பட நாற்பதாண்டுகள் ஆயின.

1912ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டுவோர்ட், இங்க்ராம் என்னும் இருவர், கால்நடைகளின் குடலைத் தாக்கும் கிருமியொன்றை வளர்க்க முயன்றனர். அது வளர மறுத்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியின் சாரத்தைச் சேர்த்ததும் வளர்ந்தது. அச்சாரத்திலிருந்த மைக்கோபாக்டின் என்னும் பொருள் 1949இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1952இல் கனடாவின் லாக்ஹெட் குழுவினர், ஒரு மண் பாக்டீரியா தன் வளர்ச்சிக்கு மற்றொன்று ஆக்கும் பொருளை நம்பியிருப்பதைக் கண்டனர். அதே ஆண்டு அமெரிக்காவில் நீலண்ட்ஸ், ஒரு பூஞ்சையிலிருந்து இரும்படங்கிய செந்நிறப் படிகத்தைப் பிரித்தார். மூன்றும் ஒரே தொழில் புரிபவை என்பது பின்னர் தெளிவாயிற்று. இவற்றிற்குச் சிடரோஃபோர், அதாவது இரும்பு ஏந்தி, என்று பெயர்.

இரும்பு குறைந்தால் பாக்டீரியா இச்சிறு பொருள்களை வெளியே அனுப்புகிறது. அவை துருவிலுள்ள இரும்பை இறுகப் பற்றிக் கரைத்துக் கொணர்கின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள வாயில்கள் அவற்றை அடையாளங்கண்டு உள்ளே விடுகின்றன. அயலான் அனுப்பிய ஏந்தியைக் கவர்ந்து கொள்ளும் கள்வரும் உண்டு! 1980இல் கலிபோர்னிய ஆய்வாளர், வேரருகே வாழும் சில பாக்டீரியாக்கள் இவ்வாறு இரும்பைக் கைப்பற்றி, நோய்க்கிருமிகளைப் பட்டினியிட்டுப் பயிருக்கு நலம் செய்வதைக் காட்டினர்.

இக்கதை மனிதரையும் தொடுகிறது. தாலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயை இந்தியாவில் முதன்முதலாக 1938இல் கல்கத்தாவிலிருந்தே மருத்துவர் முகர்ஜி அறிவித்தார். இந்நோயுற்ற குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டும். அதனால் மிகுந்த இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தங்கி உயிரைக் கொல்லும். 1960ஐயொட்டி ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் ஏந்தியிலிருந்து, அவ்விரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்தைச் சமைத்தனர். விழுங்கும் மருந்துகள் பிற்காலத்தில் வந்தும், ஊசிவழிச் செலுத்தும் இது இன்றும் பயன்படுகிறது.

மருந்தினும் மேலானது முன்னறிவு. பெற்றோர் இருவரும் இந்நோயின் கூறு தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புண்டு. ஆதலின் ஜாதகம் பார்க்கும் வீட்டார் இரத்தப் பரிசோதனையும் செய்தல் நன்று.

தொட்டிக் கன்றுக்கோ, சிறிது மக்கிய எரு இடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உங்களுக்குத் துணைபுரியும்.