ஊவாத் தோட்டங்களும் தேசப்படங்களும்

பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் தேசப்பட அறைக்குள் தமிழ் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் புகுவது அரிது. அகன்று தாழ்ந்த அந்த இழுப்பறைகளைத் திறந்து பார்த்தல் புவியியலாளரின் தொழில் என்றே கருதி விலகிச் செல்கின்றோம். மலையகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இவ்விலகல் பெரும் இழப்பாகும். தோட்டத் தொழிலாளர் தம் கைப்பட எழுதிவைத்த பதிவுகள் மிகச் சில. அவர்கள் காடழித்து, கான் வெட்டி, கன்று நட்ட நிலத்தைப் பிறர் அளந்து வரைந்த தாள்களோ பல. ஒருவர் தம் வாழ்வைப் பற்றி எழுதாதபோது அவரைச் சுற்றி எழுதப்பட்டவற்றைத் துருவி நோக்குவதன்றி வேறு வழியில்லை. இக்கட்டுரையிற் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டு, வெவ்வேறு வகைப் படங்கள் எவரின் தேவைக்காக வரையப்பட்டன, அவற்றுள் எது காட்டப்பட்டது, எது விடப்பட்டது என்பதை நோக்குகின்றோம்.

ஊவா ஐரோப்பியரின் படத்தில் இடம்பெற்றமை தேயிலைக்கும் கோப்பிக்கும் நெடுங்காலம் முற்பட்டது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலே கண்டி நாட்டின் படமொன்று உண்டு. அது அளந்து வரைந்ததன்று. நடந்தும் கேட்டும் அறிந்தது. நூற்றாண்டொன்றுக்கு மேற்பட்ட காலம் கழிய, அளக்கும் கருவிகளோடு வந்தோர் படையினரே. நில அளவைத் திணைக்களம் 1800 ஓகத்து 2 ஆந் தேதி தேசாதிபதி நோர்த்தினால் நிறுவப்பட்டது. ஆயினும் மலைநாட்டின் உட்பகுதி அதன் கைக்கு எட்டியது 1815 இற் கண்டி வீழ்ந்த பின்னரே. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்ற படைகள் வயல்களையும் வீடுகளையும் அழித்தன. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சி அடங்கிய மூன்றாம் ஆண்டில், 1821 இல், படை மருத்துவரான ஜோன் டேவி இலங்கையின் உட்பிரதேசம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். மலைநாடு அளக்கப்பட்டதும் அடக்கப்பட்டதும் ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை என்பதை மறத்தலாகாது. படைக்கு வேண்டியவை வழி, ஆற்றுத்துறை, கணவாய், கோட்டை ஆகியன. நிலத்தை உழுதவன் எவன் என்பது படைக்கு வேண்டுவதன்று.

அக்கேள்வியை அடுத்து வந்த படவகை கேட்டது. ஆனால் உழுதவனுக்குப் பாதகமாகவே கேட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றதாகவும் கிடக்கும் நிலங்கள், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என விதித்தது. ஊவாக் கிராமத்தவர் ஆண்டுகள் சில விட்டு விட்டுப் பயிரிட்ட சேனை நிலம், இவ்விதியின்படி, பயிரில்லாத ஆண்டிலே தரிசாகத் தோன்றிற்று. கிராமத்தவரிடம் ஏட்டுறுதி இல்லை. இருந்தவை எல்லை பற்றிய நினைவும் பழக்கமும். அரசிடம் அளவைப்படம் இருந்தது. ஏக்கர் ஐந்து சிலிங்கிற்கு விற்கப்பட்ட முடிக்குரிய காணியின் தொடக்க விலை 1844 இலேதான் ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. அந்நாளிற் காணி வாங்கிய தோட்டக்காரருள் அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இம்முறையை மேலும் இறுக்கியது. அதன் விளைவாகக் கிராமம் கிராமமாக அளந்து வரையப்பட்ட படங்களே இன்றும் காணி வழக்குகளில் எடுத்துக் காட்டப்படுகின்றன.

இக்காணிப்படங்களின் அளவுத்திட்டத்தைச் சிறிது கவனித்தல் நன்று. நில அளவையாளரின் சங்கிலி 66 அடி நீளமானது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நான்கு சங்கிலிக்கு ஓரங்குலம் என வரையப்பட்ட படத்தில் ஒரு வயலின் வரம்பும் தெரியும். ஆயின் தெரிவது எல்லைதான். எல்லைக்குள் நிற்கும் மனிதன் அல்லன். இப்படம் உடைமையை நிறுவுவதற்கானது. உடைமையற்றோர் அதில் இடம்பெற வேண்டிய தேவை எழவில்லை.

இதற்கு நேர்மாறானது ஓரங்குலப் படம் என நாம் வழங்கும் இடவிளக்கப்படம். ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவில் இலங்கை முழுவதும் 72 தாள்களாக வரையப்பட்டது. பின்னர் மீற்றர் முறைக்கு மாறியபோது 1:50,000 என்னும் அளவில் 92 தாள்களாயிற்று. ஓரங்குலப் படத்தின் பதுளைத் தாளை மேசைமீது விரித்தால் முதலிற் கண்ணைக் கவர்வது கபில நிறச் சமவுயரக் கோடுகளின் நெருக்கம். நமுனுகுல மலையும் பதுளு ஓயாவின் பள்ளத்தாக்கும் தெருக்களின் வளைவுகளும் ஒரே பார்வையில் வந்து விழுகின்றன. நிலத்தின் உருவை இதனைவிடச் செவ்வையாகக் கற்பிக்கும் ஆசிரியர் இலர். ஆனால் சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பத்தடி அகலமான காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக அமைந்த லயமொன்று 120 அடி நீளம் இருக்கும். ஓரங்குலப் படத்தில் அது அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். பன்னிரண்டு குடும்பங்கள் பேனாவின் ஒரு தொடுகையாய் ஒடுங்கிவிடுகின்றன. இது வரைந்தோரின் குற்றமன்று; அளவுத்திட்டத்தின் இயல்பு. அதேபோல், கோடுகள் 100 அடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருப்பதால், லயத்தின் பின்னே செங்குத்தாய் நிற்கும் 90 அடி மண்மேடு இரு கோடுகளுக்கு இடையே மறைந்து போகவும் கூடும். அம்மேட்டின் அடியில் உறங்குவோருக்கு மலை முழுவதிலும் முக்கியமானது அந்த 90 அடியே.

ஒரு படத்தால் ஆகாதது இன்னொன்றால் ஆகும் என்பதற்கு ஊவாவின் புகையிரதப் பாதை தக்க சான்று. பாதை பண்டாரவளையை 1894 இல் அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924 ஏப்பிரலில். இடையே கடந்தவை முப்பது ஆண்டுகள். தெமோதரையிற் சரிவு மிகையாதலாற் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்கின்றது. இடவிளக்கப்படத்தில் இது சிறியதொரு முடிச்சாகவே தோன்றும். மேலே செல்வது எது, கீழே செல்வது எது என்பதை உயரக் குறுக்குவெட்டு வரைபடமே தெளிவாக்கும். தேயிலைப் பெட்டியின் போக்குவரத்துச் செலவைக் குறைக்க இத்தனை நுட்பமும் பொருளும் செலவிடப்பட்டன. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க இன்று உலகெங்கிலுமிருந்து வருகின்றனர். அதற்குக் கல் சுமந்தோரின் பெயரை எந்தத் தாளும் தரவில்லை.

பெயர் என்றதும் தோட்டங்களின் பெயர்கள் நினைவிற்கு வருகின்றன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் படத்திலே ஸ்பிரிங்வெளி, சென் ஜேம்ஸ், எயிஸ்லபி, கிளனனோர், கிரேக் என்பவை தெல்பெத்தை முதலிய சிங்களப் பெயர்களோடு கலந்து கிடக்கும். துரைமார் தம் ஊர் நினைவையும் விருப்பையும் மலைமீது எழுதிவைத்தனர். ஆனால் தொழிலாளர் பல தோட்டங்களைத் தாமிட்ட வேறு பெயர்களாலேயே அழைத்தனர். இவ்வழக்கு எத்துணை வலுவுடையதாயிருந்தது என்பதற்கு, பேர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட இலங்கைக் கையேடு தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் தந்தமையே சான்றாகும். ஆங்கிலேயத் தோட்டக்காரருக்கென வெளியான நூல் அது. தமிழ்ப் பெயர் தெரியாமல் ஆள் திரட்டவோ ஆள் அனுப்பவோ இயலவில்லை என்பதால் அச்சேறியதேயன்றித் தமிழ்மேற் கொண்ட பற்றினால் அன்று. ஆயினும் அப்பட்டியல் எமக்கு ஒரு புதையல். படத்தில் ஏறாத பெயர் விலைப் பட்டியலும் விளம்பரமும் நிறைந்த ஒரு வணிக நூலில் உயிர் பிழைத்தது.

தோட்டத்துக்குள்ளே இன்னும் நுண்ணியதொரு படம் உண்டு. தோட்ட அலுவலகச் சுவரிலே தொங்கும் படத்தில் நிலம் இலக்கமிடப்பட்டுப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஏக்கரும் நட்ட ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்கு எத்தனை ஆள் வேண்டும், எவருக்கு முழுப்பேர், எவருக்கு அரைப்பேர் என்னும் கணக்கெல்லாம் இறுதியில் இப்பரப்பளவிலேயே வந்து நிற்கும். தொழிலாளர் இப்பகுதிகளை ‘மலை’ என்பர். இலக்கத்தாலும் அழைப்பர், கோயிலடி, ஆற்றோரம், பழைய ஸ்டோர் என்றாற்போன்ற அடையாளத்தாலும் அழைப்பர். பிரட்டுக்களத்தில் நின்று கங்காணி சொல்லும் ஒரு சொல்லைக் கேட்டே நூறு பேர் வெவ்வேறு திசையில் வழி தவறாமற் பிரிந்து செல்வர். எழுதப்படாத இப்படத்தில் அட்டை மிகுந்த இடம், கால் வழுக்கும் பாறை, மழைக்காலத்தில் ஊற்றுக் கிளம்பும் இடம் யாவும் உண்டு. அளந்து வரைந்த எப்படத்திலும் இவை இல்லை.

இனி அரசியற் படங்களுக்கு வருவோம். சோல்பரி அரசியற்றிட்டத்தின்கீழ் 1946 இல் தேர்தற்றொகுதிகள் வகுக்கப்பட்டபோது 75,000 பேருக்கு ஒன்றும், ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்றும் என்ற முறை கொள்ளப்பட்டது. பரந்து கிடந்த ஊவாவிற்குப் பரப்பளவினால் மட்டும் மூன்று தொகுதிகள் கிடைத்தன. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. ஆனால் தொகுதிகளைக் கணிக்கும்போது அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டோர் வாக்களிக்கவில்லை, அவர்களின் எண்ணிக்கையால் உண்டான ஆசனங்களுக்குப் பிறர் வாக்களித்தனர். குடிசனமதிப்புப் படத்தையும் வாக்காளர் இடாப்பையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றி இவ்வநீதியின் வடிவம் விளங்காது. தனித்தனியே நோக்கின் இரண்டும் பிழையற்றவை போலவே தோன்றும். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் கதியை இரு நாடுகளுக்கிடையே பங்கிடப் புகுந்தது. பிரசாவுரிமை வழக்கு 2003 வரை இழுபட்டது. அதன் பின்னரும் எல்லைக்கோட்டின் சேட்டை ஓயவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியிற் பணிசெய்தல் தடைப்பட்டிருந்தது. 2018 இலேதான் அதற்குத் திருத்தம் வந்தது. படத்தின்படி லயம் சபையின் எல்லைக்குள் இருந்தது; சட்டத்தின்படி அதன் பாதையும் நீர்க்குழாயும் எல்லைக்கு வெளியே இருந்தன.

இறுதியாக நோக்க வேண்டியவை இடர்ப்படங்கள். 1956 இல் எடுக்கப்பட்ட வான் ஒளிப்படங்கள் மலைநாட்டின் நிலப்பயன்பாட்டை அறிவதற்குப் புதுவழி திறந்தன. ஒரே இடத்தின் இரு ஒளிப்படங்களைத் திண்மக்காட்டியின் கீழ் வைத்தால் மலை எழுந்து நிற்கும். பழைய சரிவுகளின் வடு தெரியும். பின்னர் 1990 இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு இடர்ப்படங்களை வரையத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. அளவுத்திட்டம் 1:10,000. இப்படத்தில் ஓரங்குலப் படம் மறைத்த மண்மேடு தெரியும், லயமும் தெரியும். பாறை, மண், சாய்வு, நீரோட்டம், நிலப்பயன்பாடு ஆகியவற்றை ஒன்றன்மேலொன்றாக வைத்து, எவ்விடம் சரியக்கூடும் என்று கணிக்கும் இப்படமே ஊவாவின் வரலாற்றில் அங்கு வாழ்வோரின் உயிரைக் கருதி வரையப்பட்ட முதற்படம் எனலாம்.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திற்கும் எச்சரிக்கை இருந்தது. அங்குள்ளோர் இடம்பெயர்க்கப்படவேண்டும் என 2005 இலும் 2011 இலும் அறிவிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குச் சென்றிருந்ததாற் பிழைத்தனர். அறிவு இல்லாமையால் நிகழ்ந்த அழிவன்று இது. அறிவு தாளில் இருந்தது. தாள் அலுவலகத்தில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தனர். இடம்பெயரச் சொல்லப்பட்டவர்களுக்குச் சொந்தமாக ஓரங்குல நிலமும் இல்லை என்பதை, உடைமையைக் காட்டும் காணிப்படம் நூறாண்டுக்கு முன்னரே எழுதிவிட்டிருந்தது. எங்கே போவது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. இடர்ப்படத்தைக் காணிப்படத்தோடு சேர்த்து வாசிக்காத ஆராய்ச்சி இவ்வழிவுகளை இயற்கையின் சீற்றம் என்று எழுதி முடித்துவிடும்.

ஆகவே எம் பல்கலைக்கழகங்களின் தேசப்பட அறைகளுக்குத் தமிழ்ச் சங்கத்தார் செய்யக்கூடிய பணியொன்று உண்டு. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும் அலுவலகங்கள் கைமாறின. கைமாறும் ஒவ்வொரு வேளையிலும் சுவரிலிருந்து கழற்றப்பட்ட பழைய படங்களுக்குக் காவல் யார்? அவற்றின் படிகளைப் பெறுதல் ஒரு பாதி. மறுபாதி, மலைகளின் பெயர்களை முதிய தொழிலாளரிடம் கேட்டு அப்படிகளின்மேல் எழுதுதல். பெயரோடு அப்பெயர் வந்த காரணமும், முன்னர் மண் சரிந்த இடமும் வற்றிய ஊற்றும் பதியப்படவேண்டும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இயங்குகின்றது; பசறை வீதியிலிருந்து தோட்டங்களுக்குத் தொலைவில்லை. தோட்டங்களிலிருந்து வந்து கற்கும் மாணவர் இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உளர். விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு தாளும் பென்சிலும் கொண்டு சென்றாற் போதும்.

அண்மைக் காலத்தில் லயத்தினின்று தனிவீட்டிற்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் நிலம் ஓரங்குலப் படத்திற் கண்ணுக்குத் தெரியாது. நான்கு சங்கிலிக்கு ஓரங்குலம் என்னும் காணிப்படத்தில், அன்று சேனைக்காரனை வெளியேற்றிய அதே அளவுத்திட்டத்தில், அது நான்கு மில்லிமீற்றர்ச் சதுரமாக நிற்கும். உள்ளே ஓர் இலக்கம் எழுத இடமிருக்கும்.