ஓசூர் ரோட்டில் இரண்டு நாள்

நம்ம குழுக்களின் கதையை 1989-ல் இருந்து சொல்வதுதான் வழக்கம். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். மகளிர் குழுத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு முதலில் தொடங்கியது அந்த மாவட்டத்தில். அது நமக்குப் பெருமை. ஆனால் உழைக்கிற பெண்களின் சேமிப்புக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது நடந்தது அத்திப்பள்ளி தாண்டி, நாம் தினமும் பஸ்ஸில் போகிற ரோட்டிலேயே.

2016 பிப்ரவரி 10-ல் மத்திய அரசு பி.எஃப் விதியை மாற்றியது. அதுவரை வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனால் முழுப் பணத்தையும் எடுக்கலாம். புது விதிப்படி நம்ம சம்பளத்தில் பிடித்ததும் அதன் வட்டியும் மட்டும்தான் கையில் வரும். கம்பெனி போட்ட பங்குக்கு 58 வயசு வரைக்கும் காத்திருக்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும். மிச்சம் 3.67. மாசச் சம்பளம் 7,000 என்றால் அது 257 ரூபாய். பத்து வருஷத்துக்கு வட்டி இல்லாமலே முப்பதாயிரத்துக்கு மேல். கார்மெண்ட்ஸில் 58 வயசு வரைக்கும் தையல் மிஷினில் உட்கார முடிகிறவர்கள் எத்தனை பேர்? இடுப்பு வலியோ பிள்ளைப்பேறோ வந்து 38-ல் நின்றுவிட்டால் இருபது வருஷம் காத்திருக்கணும். பிள்ளை காலேஜ் ஃபீஸும் வட்டிக்கு வாங்கின கடனும் அதுவரை காத்திருக்குமா?

நம்ம குழுவில் சந்தாவைப் பத்து ரூபாய் ஏற்றணும்னாலும் கூட்டம் போட்டுப் பேசி, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம். இத்தனை லட்சம் பேர் பணத்துக்கான விதியை மாற்றும்போது அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் அவர்களை ரோட்டுக்கு இழுத்து வந்தது.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து ஓசூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை, மேடை இல்லை, மைக் இல்லை. மறுநாள் கூட்டம் இன்னும் பெருகி, ஊரின் மற்ற பக்கங்களுக்கும் பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தது. பஸ்கள் எரிந்தன, ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது, பலரைக் கைது செய்தார்கள். எரித்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்செல்லாம் எரிந்த பஸ்ஸைப் பற்றியும் டிராஃபிக் ஜாமைப் பற்றியுமே இருந்ததும் நியாயம் இல்லை. அந்த 257 ரூபாயை யார் பேசினார்கள்?

19-ம் தேதி, ஜூலை 31 வரை விதியைத் தள்ளிவைப்பதாக முதலில் சொன்னார்கள். கூட்டம் கலையவில்லை. அன்றைக்கே தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, அறிவிக்கையையே ரத்து செய்வதாக அறிவித்தார்.

விதி நாடு முழுவதற்கும் பொதுவானது. அதனால் இங்கே ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த நம்ம பெண்களின் பணமும் அன்றைக்குத் தப்பியது. அவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது.