வேதப் புத்தகத்தில் நம்ம தமிழ்



எந்தத் தமிழ்ப் பள்ளியின் பழைய பதிவேட்டையும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முனியம்மாவுக்கு அடுத்த வரியில் மரியம்மா இருப்பாள். சுப்பையாவுக்குப் பக்கத்தில் சின்னப்பன் இருப்பான். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தீபாவளி முறுக்கையும் கிறிஸ்மஸ் பலகாரத்தையும் மாற்றித் தின்றவர்கள். அவர்களை ‘வேதக்காரங்க’ என்று சொல்லுவோம். ஆனால் அந்த வேதப் புத்தகத்தில் என்ன இருக்கிறது, அது நம் தமிழுக்கு எப்படி வந்தது என்று நம்மில் பலர் கேட்டுப் பார்த்ததில்லை.

சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். இக்கட்டுரை மதம் பேச வந்ததன்று; வரலாறு பேச வந்தது.

பேரிலே இருக்கிற கதை

‘சின்னப்பன்’ என்றதும் சுத்தமான தமிழ்ப்பேர் என்றுதானே நினைக்கிறோம்? தமிழ்ப்பேர்தான். ஆனால் அது புனித பவுலின் பேர். ‘பவுல்’ என்பதற்கு இலத்தீன் மொழியில் ‘சிறியவர்’ என்று பொருள். ஆகவே பழைய கத்தோலிக்கத் தமிழில் அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். அவர் அருளப்பர் ஆனார். சந்தியாகு என்ற பேர் போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தது. ‘புனித யாக்கோபு’ என்பதன் போர்த்துக்கீசிய உருவம். சவரிமுத்து என்றால், 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடம் வந்து, 1545இல் நம் மலாக்காவிலும் கால் வைத்த பிரான்சிஸ் சவேரியாரின் பேர். ஒரு பேருக்குள் எத்தனை கடல் அடங்கியிருக்கிறது பார்த்தீர்களா?

எல்லாரும் சொல்வது, ஏட்டில் இல்லாதது

மாணவர்களே, உங்களுக்குச் சில கேள்விகள். ஏவாள் தின்ற பழம் எது? ‘ஆப்பிள்’ என்று உடனே கை தூக்குவீர்கள். ஆதியாகமத்தில் அந்தப் பழத்துக்குப் பேரே இல்லை. இலத்தீனில் ‘தீமை’ என்ற சொல்லும் ‘ஆப்பிள்’ என்ற சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமையால் வந்த எண்ணம் என்பார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிளை வரைந்து வரைந்து அதை நிலைக்க வைத்துவிட்டார்கள்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர்? மூன்று என்று கிறிஸ்மஸ் நாடகத்தில் பார்த்திருப்பீர்கள். மத்தேயு எழுதியதில் எண்ணிக்கை இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம். யோனாவை விழுங்கியது திமிங்கலமா? ஏட்டில் உள்ளது ‘ஒரு பெரிய மீன்’ என்பது மட்டுமே.

இன்னொன்று தோட்டத்து மக்களுக்கே உரியது. திராட்சைத் தோட்டத்து முதலாளி கதையில் ‘பதினோராம் மணி வேளை’ என்று வரும். இதைக் காலை பதினொரு மணி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்நாட்டில் பகலைச் சூரிய உதயம் முதல் எண்ணுவார்கள். ஆக, பதினோராம் மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி! வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்த ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கூலி. முன்னால் வந்தவர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை. அன்று ஒரு வெள்ளிக் காசுதான் ஒரு நாள் கூலி. ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் மோசேயின் சட்டம். நாள் முழுக்க வேலைக்குக் காத்து நின்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அவன் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? அந்தக் கேள்வி புரிந்தால் கதையும் புரியும். பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சாலமோன் அரசரின் மயில்

சாலமோன் அரசருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டு வந்தன என்று இராஜாக்களின் முதல் புத்தகம் சொல்லுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘துக்கி’. இது நம்முடைய ‘தோகை’தான் என்று, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்ட கால்டுவெல் எழுதினார். இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எனினும் மயில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பறவை என்பதை எண்ணும்போது, அந்தக் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே சாலமோனுக்குப் பொன் வந்த நாடு ஓபீர். அது அரேபியாவா, ஆப்பிரிக்காவா, இந்தியாவா என்று இன்னும் வழக்கு தீரவில்லை. ஆனால் ஜொகூரிலுள்ள குனோங் லேடாங் மலைக்கு வெள்ளைக்காரர்கள் ‘மவுண்ட் ஓபீர்’ என்றே பேர் வைத்திருந்தார்கள். பொன் இருக்கும் என்ற ஆசை, வேறென்ன!

மணலில் எழுதிய மாணவர்

இனிதான் முக்கியமான செய்தி. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அது டேனிஷ்காரர்களின் கோட்டை ஊர். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? வயதான தமிழ் வாத்தியார் ஒருவரை அழைத்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் ‘அ, ஆ’ எழுதிப் பழகினார். படித்த ஆள், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில்!

1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். டேனிஷ் ஆளுநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். அச்சிட வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சியந்திரத்தை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துக்கொண்டார்கள். அது மீட்கப்பட்டு வந்து சேர்வதற்குள், கூட வந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் போதவில்லை. பிறகு ஊரிலேயே ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. காகிதப் பஞ்சம் தீரப் பக்கத்திலேயே காகித ஆலையும் வைத்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் கதைவரை எட்டியிருந்த சீகன்பால்கு, 1719இல் காலமானார். மீதியைச் சூல்ச் என்பவர் 1728இல் முடித்தார்.

சைவர் திருத்திய வேதம்

தமிழ் வேதாகமத்தில் கைவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர்! 1850இல் அந்தத் தமிழாக்கம் வெளிவந்தது. அதே நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாதிரிமார்களை எதிர்த்துச் சைவம் வளர்த்தவர். கொள்கையில் எதிர்த்தார், ஆனால் தம் கையால் தொட்ட தமிழில் பிழை இருக்க விடவில்லை. இந்தப் பெருந்தன்மையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும்

தரங்கம்பாடியில் தொடங்கிய அந்த லுத்தரன் வழி, பஞ்சம் பிழைக்க வந்த நம் மக்களோடு மலாயாவுக்கும் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலுள்ள சீயோன் லுத்தரன் தேவாலயம் 1924இல் எழுந்தது. ஒரு காலத்தில் கோலாலம்பூருக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்ததால் பேர் பெற்ற ஊர் அது. அதற்கு முன்பே, 1910இல், புடுவில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகப் புனித அந்தோணியார் ஆலயம் கட்டப்பட்டிருந்தது. கிள்ளானில் லூர்து மாதா கோயில் 1928இல் வந்தது. இரயில்வேயிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையோடு போய் உட்கார்ந்து, தமிழில் கேட்டு, தமிழில் பாடிய இடங்கள் இவை.

பெற்றோர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது, பாட்டி தன் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது ஒரு புத்தகம். சில வீட்டில் அது தேவாரம். சில வீட்டில் வேதாகமம். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. ‘கொஞ்சம் படிச்சுக் காட்டு அய்யா’ என்று பேரனிடம் கேட்கிறாள். பேரனுக்கு ஆங்கிலம் தெரியும், மலாய் தெரியும், அந்தப் புத்தகத்தின் எழுத்து தெரியவில்லை. அந்த நேரத்தில் பாட்டியின் முகத்தை எண்ணிப் பாருங்கள். வேதமானால் என்ன, தேவாரமானால் என்ன, நட்டம் ஒன்றுதான்.

முந்நூறு ஆண்டுக்கு முன்னே, கடல் கடந்து வந்த ஒருவர் நம் எழுத்துக்காக மணலில் உட்கார்ந்தார். நம் பிள்ளைகள் மணலில் உட்கார வேண்டியதில்லை. நாற்காலி இருக்கிறது; புத்தகம் இருக்கிறது; ஆசிரியர் காத்திருக்கிறார். கையைப் பிடித்து அழைத்து வந்துவிட வேண்டியதுதான் உங்கள் பங்கு.

இன்று பரிசு வாங்கும் மாணவர்களே, வீட்டுக்குப் போனதும் பரிசைக் காட்டிவிட்டு, பாட்டியின் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். அதைவிடப் பெரிய பரிசு அந்த வீட்டில் இருக்காது.

வாழ்க தமிழ்!