பொ. ஐங்கரநேசன்

பொன்னுத்துரை ஐங்கரநேசன், இலங்கையின் வட மாகாண சபையில் 2013 முதல் 2017 வரை விவசாயம், கால்நடை, நீர்ப்பாசனம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர். அதற்கு முன்பே சுற்றுச்சூழல் எழுத்தாளராக அறியப்பட்டவர்; ‘ஏழாவது ஊழி’ அவரது கட்டுரை நூல். 2013 செப்டெம்பர் 21 இல் நடந்த முதலாவது வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வென்று, முதலமைச்சர் க. வி. விக்னேஸ்வரனின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

அவரது பதவிக்காலத்தில் ஊர்மட்டத்தில் வேரூன்றிய செயல் மரநடுகை மாதம். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5, வடக்கில் சோளகம் வீசி மண் காயும் காலம். அன்று விழா எடுத்து நட்ட கன்று ஆவணிக்குள் கருகிவிடும். வாடைக்காற்று மழையோடு வரும் கார்த்திகையில் நட்டால் வானமே நீர் ஊற்றும். எந்தக் கமக்காரருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை ஏற்று, மாகாண சபை நவம்பரை மரநடுகை மாதமாக்கியது. அதே மாதத்தில் விடுதலைப் புலிகளின் மாவீரர் நினைவும் வருவதால் இதற்கு அரசியல் அர்த்தமும் சேர்ந்துகொண்டது.

தண்ணீர் விடயம் அத்தனை இலகுவாக இருக்கவில்லை. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாது என்பது அவர்களின் வாதம். மாற்றாக முன்வைக்கப்பட்ட தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல்தான் திறக்கப்பட்டது. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணற்று நீரில் கலந்த விவகாரமே அவரது பெயரை அதிகம் பாதித்தது. மாகாண சபைத் தரப்பு அமைத்த நிபுணர் குழுவின் முடிவை மக்கள் நம்பவில்லை. 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. சுற்றுச்சூழல் எழுத்தாளர் ஒருவர் அமைச்சராக இருந்தபோது, கிணற்றடி மக்கள் நீதிமன்றத்தின் வாயிலாகவே தீர்வு தேட நேர்ந்தது என்பது அந்தக் காலத்தின் பெரிய குறை.

அமைச்சுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதைத் தர்மபுரத்தில் நின்று பார்த்தால் விளங்கும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள இந்த ஊரை அடுத்த கல்லாறுப் பகுதி, சட்டவிரோத மணல் அகழ்வுக்குப் பெயர்போனது. உழவு இயந்திரங்களிலும் டிப்பர்களிலும் மணல் போகும், பள்ளம் மிஞ்சும். மணல் அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். காடு வனவளத் திணைக்களத்தினுடையது. வாகனத்தை மறிக்க வேண்டியது பொலிஸ். மூன்றும் மத்திய அரசின் கையில். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுற்றுச்சூழலை மாகாணத்துக்கும் பகிர்ந்ததாகச் சொன்னாலும், மணல் ஏற்றிய வண்டியை நிறுத்தும் அதிகாரம் மாகாண அமைச்சருக்கு இல்லை.

அமைச்சர்கள் மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க முதலமைச்சர் நியமித்த குழுவின் அறிக்கையை அடுத்து, 2017 ஜூனில் ஐங்கரநேசனும் கல்வி அமைச்சர் த. குருகுலராசாவும் பதவி விலகும்படி கேட்கப்பட்டார்கள். குற்றச்சாட்டுகளை மறுத்தபடியே ஐங்கரநேசன் விலகினார். அந்த நெருக்கடி முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை போய், ஒருவாறு சமரசத்தில் முடிந்தது.

பின்னர் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கத்தின் தலைவராக இயங்கிவருகிறார். கார்த்திகை தோறும் நல்லூரில் இவ்வியக்கம் நடத்தும் ‘கார்த்திகை வாசம்’ மலர்க் கண்காட்சியில் மரக்கன்றுகளும் விற்பனையாகும். 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்காததால், அவர் வகித்த துறைகள் ஆளுநரின் கீழ் செயலாளர்களால் நிர்வகிக்கப்படுகின்றன.