சகலாகம பண்டிதரின் இருவகை வினா

வினாவுதல் எளிது; வினாவத் தகுவதனைத் தகுமுறையில் வினாவுதல் அரிது. பவணந்தி முனிவர் நன்னூலின்கண் வினாவினை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்தினார். சொல் ஒன்றேயாயினும் வினாவுவான் கருத்தால் வினா வேறுபடும் என்பது இப்பாகுபாட்டாற் பெறப்படும். அவ்வேறுபாடு ஒருவரிடத்தேயே விளங்கிய வரலாறு சைவசித்தாந்த சந்தான மரபின்கண் உண்டு.

13-ஆம் நூற்றாண்டிலே மெய்கண்ட தேவர் திருவெண்ணெய்நல்லூரில் மாணாக்கர்க்குச் சித்தாந்தப் பொருளை அறிவுறுத்தி வந்தனர். அவர் தந்தையார் அச்சுத களப்பாளருக்குக் குலகுருவாயிருந்தவர் சகலாகம பண்டிதர், ஆகமங்களில் வல்லவர், ஆண்டில் முதிர்ந்தவர். இளையர் ஒருவர் ஆசிரியராய் வீற்றிருத்தலைப் பொறாராய் அவர் ஆண்டுச் சென்றனர் என்பது மரபுவழி வரலாறு. அப்பொழுது மெய்கண்டார் ஆணவமலத்தின் இயல்பினை விளக்கிக்கொண்டிருந்தனர். பண்டிதர் இடைபுகுந்து, ஆணவத்தின் சொரூபம் யாது என வினாவினார். மெய்கண்டார் வாய்திறந்து ஒன்றும் மொழிந்திலர். வினாவி நின்றவரைத் திருநோக்கஞ் செய்தருளினார். தாம் நின்ற நிலையே அதன் சொரூபம் என்பது பண்டிதர்க்கு விளங்கிற்று. அக்கணமே திருவடியில் வீழ்ந்து, அருணந்தி என்னும் திருப்பெயரும் பெற்றனர்.

ஈண்டு ஆராயற்பாலது ஒன்றுண்டு. அவ்வினாவின் சொல்லிலும் பொருளிலும் குற்றமில்லை. ஆணவ இலக்கணம் ஆராயத் தக்கதேயாம். வினாவினவர் தம்மைப் புறத்தே நிறுத்திக்கொண்டு, ஆணவம் பிறிதெங்கோ உளதாகக் கருதியதே குற்றமாயிற்று. அஃது அறிவான் ஒருவன் பிறனை அளந்தறிய எழுப்பும் வினா.

அற்றேல், பணிந்தபின் வினா ஒழிந்ததோவெனின், ஒழிந்திலது. உண்மை வினா அதன்பின்னரே தொடங்கிற்று. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய இருபா இருபஃது, வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி அந்தாதியாய் வரும் 20 பாக்களை உடையது. அந்நூலில் அவர் தம் ஆசிரியரையே விளித்து வினாவுகின்றார். இறைவனும் என்னை விட்டு நீங்கான், மலமும் என்னை விட்டு நீங்காது. இறைவன் மலத்தொடு கலந்து நின்று உணர்த்துவானாயின் அமலன் என்னும் பெயர் யாங்ஙனம் பொருந்தும்? வேறாய் நின்று உணர்த்துவானாயின் அவனது வியாபகம் கெடாதோ? இத்தகைய வினாக்களின் கூர்மை முந்தைய வினாவினும் குறைந்ததன்று, மிக்கதேயாம். ஆயினும் இவற்றுள் 'நான்' என்பதும் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. அடக்கம் ஆராய்ச்சியைத் தடுத்திலது; அதனை ஆழப்படுத்திற்று.

இந்நெறி சந்தானத்திற் பின்னும் தொடர்ந்தது. 1313-இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியார், தம் குருவாகிய மறைஞானசம்பந்தரை நோக்கி 13 வெண்பாக்களால் வினாவெண்பா அருளினார். ஒளியும் இருளும் ஓரிடத்துக் கூடாவாகவும், இருளுடைய தம்பால் குருவருள் விளங்கியவாறு எங்ஙனம் என்பது அதன் முதல் வினா. விடை தனியே கூறப்படவில்லை. கற்பார் தம்முள் ஆராய்ந்து காணுமாறு வினாவே வழிகாட்டி நிற்கின்றது.

ஆகலின், வாதத்தில் வெல்லுதற்கு எழும் வினா வினாவினவனை இருந்தவாறே விடுக்கும். தன்னையும் உட்படுத்தி எழும் வினாவே அவனை மாற்றும். சாத்திரம் ஓதுவார் வினாவெழுப்புமுன், அஃது இவ்விரண்டனுள் யாது எனத் தம்மைத்தாம் வினாவிக்கொள்ளுதல் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.