ஏரி கண்ட மன்னன் கோயிலில் புல்தரை எதற்கு?

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் படம் எதை எடுத்துப் பார்த்தாலும், விமானத்தின் காலடியில் ஒரே சீராகக் கத்தரித்த பச்சைப் புல்தரை விரிந்து கிடக்கிறது. கல்லும் புல்லும் சேர்ந்தே நம் மனத்தில் பதிந்துவிட்டதால், சோழர் காலத்திலேயே இந்த வளாகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணுவது எளிது. ஆனால் கோயில் 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் எழுப்பியது. புல்தரையோ ஆங்கிலேயர் காலத் தொல்லியல் துறை பழக்கிவிட்ட வழக்கம். இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அரியலூர் மாவட்டத்து மண்ணில் இந்த இரண்டாவது வரலாறு முதல் வரலாற்றை மறைக்கிறது என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

புல்தரையின் பிறப்பிடம் இங்கிலாந்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைகள். 18-ஆம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்டக் கலைஞர், மாளிகை வாசல் வரைக்கும் புல்வெளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் அந்த நாட்டில் புல்லுக்கு யாரும் நீர் இறைக்க வேண்டியதில்லை. 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்ததும் அரிவாள் கூலியும் குறைந்தது. இந்த ரசனையோடு இந்தியாவுக்கு வந்தவர் வைஸ்ராய் கர்சன். 1904-இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். தாஜ்மகாலைச் சூழ்ந்திருந்த அடர்ந்த மரங்களை நீக்கிப் புல்தரை விரித்து, கட்டடம் தூரத்திலிருந்தே முழுதாகத் தெரியும்படி தோட்டத்தை மாற்றியதும் அவர் காலத்தில்தான். பழஞ்சின்னம் என்றால் சுற்றிலும் புல்தரை என்ற பழக்கம் அதன்பின் நாடெங்கும் வேரூன்றியது.

இந்தத் தோட்ட மரபு அமெரிக்காவுக்கும் போனது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஃபிலோலி என்றொரு பண்ணை மாளிகை இருக்கிறது. 1915-இல் தொடங்கி 1917-இல் கட்டி முடித்த அந்த வீட்டைச் சுற்றி, மதில் சூழ்ந்த அறைகள் போன்ற பகுதிகள், கத்தரித்த வேலிச்செடிகள், புல்தரைகள் என்று 16 ஏக்கரில் ஆங்கிலப் பாணித் தோட்டம் அமைந்தது. கலிபோர்னியாவின் கோடையில் மழையே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இங்கிலாந்தின் பச்சையை நிலைநிறுத்த யாரால் முடியும்? அதன் உரிமையாளர் வில்லியம் போர்ன், சான் பிரான்சிஸ்கோ நகருக்கே குடிநீர் வழங்கிய ஸ்பிரிங் வேலி தண்ணீர் கம்பெனியின் தலைவர். மழை குறைந்த ஊரில் ஒரு தோட்டத்தைப் பார்த்தால், அங்கே தண்ணீர் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

இதே கேள்வியை ராஜேந்திரனின் தலைநகரிடம் கேட்டால் கிடைக்கும் பதில் மகத்தானது. அரியலூர்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதோ சுமார் 600தான். மொத்தத்தில் நமக்கே மழை அதிகம். ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொட்டுகிற நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் பங்கிட ஏரி வேண்டும். கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்கு நினைவாக ராஜேந்திரன் கண்டது சோழகங்கம் என்னும் ஏரி. இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. அதன் கரை 16 மைல் நீளம் என்று 1855-இல் வெளியான தென்னிந்திய கெசட்டியர் பதிவு செய்தது. அந்த நீர்ப்பண்பாட்டின் பிள்ளைதான் கோயில் நந்தவனம். சோழர் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு விட்ட நிலமும், அதைப் பேணியவர்களின் ஜீவனத்துக்கான நந்தவனப்புறமும், செங்கழுநீர் வளர்த்த ஓடையும் திரும்பத் திரும்ப வருகின்றன. நந்தவனம் இறைவனுக்குப் பூக் கொடுத்தது, பேணியவர்களுக்குச் சோறு போட்டது. பார்வைக்கு மட்டும் வளரும் புல்தரைக்கு அந்த மரபில் இடமில்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. புல்லின் வேர் ஆழம் போகாது, மரத்தின் வேரோ அடித்தளத்தைப் பிளக்கும். ஆகவே புல்லே பாதுகாப்பு என்பது முதல் மறுப்பு. இது உண்மை. எனவே சுவரை ஒட்டிய பகுதியில் மரம் நடச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் ஆழமாக வேர்விடாத பூஞ்செடிகளும் இருக்கின்றன. அடித்தளத்துக்கு எட்டாத தொலைவில் மரங்களுக்கும் இடம் காண முடியும். காடு மண்டிக் கிடந்த இடத்தைச் சீர்செய்ததே தொல்லியல் துறை அல்லவா என்பது இரண்டாவது. அந்த நன்றியை மறுக்க முடியாது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயிலின் திருச்சுற்று மதிலை இடித்துக் கல் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் தடுத்தும் பயனில்லை. அந்தக் கதிக்குப் பிறகு கோயிலைக் காத்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் காத்ததன் பொருளை முழுமையாக்கச் சொல்கிறேன். ராஜேந்திரன் காலத்தில் எந்தச் செடி எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாதபோது நந்தவனம் வைப்பது கற்பனையாகாதா என்பது மூன்றாவது. புல்தரைக்குச் சான்று அதைவிடக் குறைவு. பழையதை அப்படியே மீட்டதாகப் பாவனை செய்யாமல், இது இன்றைய நந்தவனம், கல்வெட்டுகள் காட்டும் மரபில் வைத்தது என்று பலகையில் எழுதி வைத்தால் போதும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. சுவரோரப் புல் இருக்கட்டும். அதைத் தாண்டிய பரப்பில் நந்தியாவட்டையும் அரளியும் முல்லையும், வெளி எல்லையில் வில்வமும் வன்னியும் மகிழமும் வளரட்டும். இவை நம் வெயிலை அறிந்தவை. அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் அகழாய்வில் வெளிப்பட்ட மாளிகைமேட்டையும், பொன்னேரிக் கரையையும், கோயிலையும் இணைத்து ஒரே நடைவழி அமைய வேண்டும். ஆடித் திருவாதிரைக்கு ஆயிரக்கணக்கானோர் வரும் ஊர் இது. வருகிறவர்கள் விமானத்தைப் பார்ப்பதோடு, அந்த விமானத்தைத் தாங்கிய நகரம் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதையும் அறிந்து திரும்ப வேண்டும். பொன்னேரியைத் தூர்வாரி நிரப்புவதுதான் அதற்கான முதல் வேலை. நந்தவனம் அதற்குப் பின்னால் தானே வரும்.

(தொடரும்)